க்ரஃப்ட்ஸுக்குக் கடல் தாண்டி: வேட்டைத்துணை நாயோடு கிளம்புபவர்களுக்கு

பிரிட்டனின் க்ரஃப்ட்ஸ் நாய்க் காட்சிக்குக் கிளம்பிய நாயின் பாஸ்போர்ட்டில் நாடாப்புழு மருந்து கொடுத்த தேதி இருக்கிறது; மணி எழுதப்படவில்லை. பல மாத உழைப்பும் காசும் பிரான்ஸின் காலே முனையத்தோடு நின்றுபோக இந்த ஒரு விடுபடல் போதும். நாய் நல்ல நாயாக இருக்கலாம், மூன்று நாட்டில் சாம்பியனாக இருக்கலாம். பக்கத்து ஊர் கால்நடை மருத்துவரிடம் மறுபடி மருந்து கொடுத்து, அதற்குப் பின் 24 மணி நேரம் காத்திருந்துதான் கடலைத் தாண்ட முடியும். அதற்குள் காட்சி நடக்கும் பர்மிங்காமில் உங்கள் இனத்தின் ரிங், அதாவது நடுவர் முன் நாயை நிறுத்தும் சுற்று, முடிந்திருக்கும்.

அதனால் இந்தப் பதிவில் நாயின் அழகைவிட நாள் கணக்கும் மணிக் கணக்கும்தான் அதிகம் வரும். வெளிநாட்டிலிருந்து க்ரஃப்ட்ஸுக்குப் போகிறவர்கள் நாயைத் தயார் செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியைக் காகிதத்தில் காட்டுவதில்லை.

கன்டாக் என்று பிரிட்டனில் சொல்வது துப்பாக்கி வேட்டைக்குத் துணை போகும் இனங்களை. பறவை பதுங்கிய இடத்தை உறைந்து நின்று காட்டும் பாயின்டர், செட்டர். புதரைக் கலைத்துப் பறவையைக் கிளப்பும் ஸ்பானியல். சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வரும் ரெட்ரீவர். இந்த எல்லா வேலையையும் செய்யும் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயின்டர், வைமரனர், ஹங்கேரியன் விஷ்லா. பல நாட்டு நாய்ச் சங்கங்களின் உலக அமைப்பான எஃப்.சி.ஐ. இவர்களை 7, 8 என்று இரண்டு பிரிவாக வைத்திருக்கிறது. பிரிட்டனில் எல்லோரும் ஒரே கன்டாக் பிரிவு. க்ரஃப்ட்ஸின் நான்கு நாளில் ஏழு பிரிவுகள் நடக்கின்றன. கன்டாக் பிரிவுக்கு மட்டும் தனியாக ஒரு முழு நாள். அது எந்தக் கிழமை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன ஆண்டுக் கிழமையை நினைவில் வைத்துக்கொண்டு விடுதி போடாதீர்கள்.

வெளிநாட்டு நாய்களுக்கு அங்கே வாய்ப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2022-இல் மொத்தக் காட்சியின் முதல் பரிசு நார்வேயிலிருந்து வந்த பாக்ஸர் என்ற ஃப்ளாட் கோட்டட் ரெட்ரீவருக்கு. 2023-இல் குரோவேஷியாவிலிருந்து வந்த ஓர்கா என்ற லகோட்டோ ரொமான்யோலோவுக்கு. இரண்டுமே கன்டாக் பிரிவு, இரண்டுமே கடல் தாண்டி வந்தவை.

முதல் படி தகுதி. க்ரஃப்ட்ஸில் நினைத்தவர் நாயைப் பதிய முடியாது. எந்தெந்தக் காட்சியில் என்ன பரிசு வாங்கினால் தகுதி என்று நாடுவாரியாக ஒரு பட்டியல் உண்டு. அது ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பழைய பட்டியலை நம்பி, தகுதி தராத காட்சிக்கு அலைந்தவர்கள் உண்டு. அடுத்தது ஏ.டி.சி. எண். நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டிஷ் கென்னல் கிளப்பில் பதிவாகாத நாய் அங்கே போட்டியிடுவதற்கான அனுமதி எண் இது. உங்கள் நாட்டு கென்னல் கிளப் தந்த வம்சாவளிச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு ஜனவரியிலேயே மூடிவிடும் என்பதால் தகுதி கிடைத்த வாரமே இதற்கு எழுதிவிடுங்கள். சான்றில் நாயின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்பின் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் அதைத் திருத்தி வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

எந்த வகுப்பில் பதிவது என்பதிலும் சறுக்கல் வரும். லிமிட் வகுப்பு சாம்பியன் ஆகாத நாய்களுக்கு. இங்கே சாம்பியன் என்பது பிரிட்டிஷ் பட்டத்தை மட்டும் குறிப்பதில்லை. பிரிட்டிஷ் கிளப் அங்கீகரித்த வேறு நாட்டு அமைப்பு தந்த பட்டமும் கணக்கில் வரும். போலந்திலோ இத்தாலியிலோ பட்டம் வாங்கிய மூன்று வயது நாய்க்கு எல்லோருக்கும் திறந்த ஓபன் வகுப்புதான் இடம். லிமிட்டில் போட்டி குறைவு என்று அதில் நுழைத்தால், ஜெயித்த பிறகும் பரிசு பறிபோகும்.

இனி வால். கன்டாக் வைத்திருப்பவர்கள் பிற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. ஸ்பானியல், ஜெர்மன் பாயின்டர், வைமரனர், விஷ்லா என்று குட்டியிலேயே வாலை வெட்டும் பழக்கம் இருந்த இனங்கள் இந்தப் பிரிவில்தான் அதிகம். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ வால் வெட்டப்பட்ட நாயை, பொதுமக்கள் கட்டணம் கொடுத்து உள்ளே வரும் காட்சியில் நிறுத்தக் கூடாது. எந்த நாட்டில் வெட்டியது, அங்கே அது சட்டப்படி சரியா என்பது பொருட்டே இல்லை. க்ரஃப்ட்ஸ் கட்டணக் காட்சி. ஆக, வால் வெட்டிய நாய்க்கு அங்கே கதவில்லை. அங்கே நாயைக் காட்டும் ஆசை இருந்தால் குட்டி வாங்கும்போதே முழு வாலுள்ள குட்டியாகப் பாருங்கள். பிரிட்டனி போன்ற இனத்தில் பிறவியிலேயே குட்டை வால் வரும், அதற்குத் தடையில்லை. ஆனாலும் பிறவி வால்தான் என்று காட்டும் மருத்துவர் சான்றையோ மரபணுச் சோதனை முடிவையோ கையில் வைத்திருப்பது நல்லது.

இப்போது எல்லைக் காகிதங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் நாய்க்கு மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, பாஸ்போர்ட், நாடாப்புழு மருந்து என்று நான்கு தேவை. சிப் பொருத்திய தேதி, ரேபிஸ் ஊசி போட்ட தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். ஊசி முந்தி, சிப் பிந்தி என்றால் அந்த ஊசி போடாத கணக்குதான். ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும், போட்ட நாளை எண்ணாமல். மறு ஊசி ஒரே ஒரு நாள் தவறினாலும் அது திரும்பவும் முதல் ஊசியாகிவிடும், அந்த 21 நாளும் முதலிலிருந்து ஓடும். மார்ச்சில் காட்சி என்பதால் டிசம்பரிலேயே பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ஊசி மார்ச் நடுவில் முடிகிறது என்றால் முன்கூட்டியே, உங்கள் நாட்டிலேயே போட்டுவிடுங்கள். பிரிட்டனில் இருக்கும்போது போட்டு ஐரோப்பியப் பாஸ்போர்ட்டில் எழுதி வாங்கினால் திரும்பும் வழியில் அது செல்லாது.

நாடாப்புழு மருந்துக்கு வருவோம். எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்ற புழு நடு ஐரோப்பாவில் நரிகளிடம் பரவியிருக்கிறது. நாய் வழியாக மனிதருக்கு வந்தால் கல்லீரலைத் தின்னும் கொடிய நோய். பிரிட்டனில் அது இல்லை, வரவும் விடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கண்டிப்பு. பிராசிகுவான்டெல் உள்ள மாத்திரையைக் கால்நடை மருத்துவரே கொடுத்து, பாஸ்போர்ட்டில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தேதி, மணி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும். நாய் பிரிட்டனுக்குள் நுழையும் நேரம் அதிலிருந்து 24 மணிக்குக் குறையவும் கூடாது, 120 மணியைத் தாண்டவும் கூடாது. இந்த மருந்து உடலில் தங்கிக் காப்பதில்லை; அன்றைக்கு உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். ஐந்து நாளுக்கு மேல் போனால் நாய் புதிதாக எலி தின்றிருக்கலாம். அதனால்தான் மேல் வரம்பு.

அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 30 கிலோ லேப்ரடாருக்கு 150 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை மூன்று. மருத்துவமனைத் தராசில் எடை பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சில நாய்கள் அரை மணியில் வாந்தி எடுத்துவிடும். கிளம்புவதற்கு முந்திய நாள் மாலைவரை தள்ளிப்போட்டால் அதைச் சரி செய்ய நேரமிருக்காது.

கணக்கு இப்படிப் போடுங்கள். கன்டாக் நாள் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வியாழன் பிற்பகல் 2 மணிக்குக் கடல் தாண்டுகிறீர்கள். மருந்து முந்திய சனிக்கிழமை 2 மணிக்குப் பிறகு, புதன் 2 மணிக்கு முன்பு. இந்த இடைவெளியின் இரண்டு ஓரமும் ஆபத்து. சனி மாலை கொடுத்தால், கப்பல் ஆறு மணி நேரம் தாமதமானால் 120 தாண்டிவிடும். புதன் காலை கொடுத்தால், முன்னதாகவே ரயில் கிடைத்தும் ஏற முடியாது. திங்கள் மாலையோ செவ்வாய் காலையோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். பாஸ்போர்ட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள். மருத்துவமனையை விட்டு இறங்குவதற்கு முன் மணி எழுதியிருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துப் பாருங்கள்.

நார்வே, ஃபின்லாந்து, அயர்லாந்து, மால்டா ஆகிய நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு இந்த மருந்து வேண்டாம். ஆனால் நேராக வந்தால்தான். நார்வேக்காரர் காரில் டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகக் காலேவுக்கு வந்தால் அந்தச் சலுகை போய்விடும். இதில் மாட்டிக்கொள்பவர்கள் விவரம் தெரிந்த பழைய கைகள்தான், புதியவர்கள் எப்படியும் மருந்து கொடுத்துவிடுவார்கள்.

நாயை, ரிங்கில் நடத்திக் காட்டும் ஹேண்ட்லரிடம் ஒப்படைத்து அனுப்புவது இன்னொரு சிக்கல். உரிமையாளர் எழுத்தில் அதிகாரம் தர வேண்டும்; நாய் பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ உரிமையாளரும் அதே பயணத்தைச் செய்ய வேண்டும். அவர் வரவே இல்லையென்றால் அது வணிகப் போக்குவரத்தாகக் கருதப்படும், காகிதமெல்லாம் வேறு. ஒரே ஆள் ஐந்து நாய்க்கு மேல் கொண்டுவந்தாலும் அப்படியே. காட்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கை வரம்பில் விலக்கு உண்டு: எல்லா நாயும் ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும், காட்சியில் பதிவு செய்த சான்று கையில் இருக்க வேண்டும். பதிவு ரசீதை அச்சடித்து எடுத்துப் போங்கள்.

நாய்க் காகிதத்தில் மூழ்கி மனிதர் தன் காகிதத்தை மறப்பதும் நடக்கிறது. 2021 அக்டோபர் முதல் ஐரோப்பியர் பெரும்பாலோருக்கு அடையாள அட்டை போதாது, பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதியும் வேண்டும்.

வழி எது? காரோடு கடலடிச் சுரங்க ரயிலில் போவதையே சொல்வேன். காலேயிலிருந்து இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கு 35 நிமிடம், நாய் காரிலேயே உங்களோடு இருக்கும். முனையத்தில் நாய்களுக்கான வரவேற்பு அறையில் சிப் படிக்கும் கருவியை உங்களிடமே தருவார்கள். தோள், கழுத்து என்று மெதுவாக நகர்த்துங்கள், சிப் சில நாய்களில் முழங்கைவரை இறங்கியிருக்கும். வீட்டிலேயே ஒருமுறை படித்துப் பார்த்து, எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றமில்லை. நெதர்லாந்தின் ஹூக் துறையிலிருந்து ஹார்விச்சுக்கு இரவுக் கப்பலும் நல்லதுதான். நாயோடு தங்கும் அறை உண்டு, ஆனால் எண்ணிக்கை கொஞ்சம். விமானத்தில் பிரிட்டனுக்குள் நாய் பயணியர் அறையில் வர முடியாது, சரக்காகத்தான். யூரோஸ்டார் பயணிகள் ரயிலில் நாய்க்கு இடமில்லை.

ஃபோக்ஸ்டனிலிருந்து, காட்சி நடக்கும் பர்மிங்காம் என்.இ.சி. அரங்கம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர்; லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெரிசலைச் சேர்த்தால் நான்கு மணி நேரம் வையுங்கள். பர்மிங்காம் நகர மையத்துக்குள் பழைய டீசல் கார்கள் நுழைந்தால் தூய காற்று மண்டலக் கட்டணம் உண்டு, வெளிநாட்டு எண் பலகைக்கும் சேர்த்துத்தான். என்.இ.சி. அந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. விடுதியையும் வெளியிலேயே பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

நாயின் கவனத்தைப் பிடிக்க ரிங்கில் காட்டும் தீனியிலும் ஒரு விதி. 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பால்பொருள்களையும் பயணிகள் கொண்டுவரத் தடை. கோமாரி நோய்ப் பயம்தான் காரணம். வீட்டில் அவித்த ஈரலையும் சீஸ் துண்டையும் எல்லையில் இழப்பதைவிட பர்மிங்காமில் கோழி வாங்கி அவித்துக்கொள்ளலாம். அந்தத் தீனிக்கு நாயை ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். காட்சி நாளில் புதிதாகக் கொடுத்தால் வயிறு இளகும். பயண நாளில் காலையில் பாதி உணவு போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுங்கள். தண்ணீர் மாறினால் கழிச்சல் வரும் நாய்க்கு வீட்டுத் தண்ணீரே பத்து லிட்டர் காரில் இருக்கட்டும்.

ஒரு நாள் முன்பு வந்து சேர்வது போதாது, முழு ஒரு நாள் ஓய்வு வேண்டும். நீண்ட நேரம் கூண்டில் கிடந்த நாய் பின்காலைக் குறுக்கி நடக்கும். கன்டாக் ரிங்கில் நடையே பாதி மதிப்பெண். களைத்த நாயை எந்தச் சீப்பும் காப்பாற்றாது.

க்ரஃப்ட்ஸ் பெஞ்ச் காட்சி. தன் ரிங் இல்லாத நேரத்தில் நாய் அதற்கென்று எண்ணிட்ட பலகைத் தடுப்பில் இருக்க வேண்டும், பொதுமக்கள் வந்து பார்ப்பார்கள். ஐரோப்பிய அரங்குகளில் ரிங் ஓரம் கூடாரமும் மேசையுமாகப் பரப்பிப் பழகியவர்களுக்கு இது நெருக்கடியாகத் தெரியும். அகலமான தோல் பட்டையும் குட்டைச் சங்கிலியும் கொண்டு போங்கள். சங்கிலி நாய் படுத்துத் திரும்ப வேண்டிய நீளம் இருக்கட்டும், விளிம்பைத் தாண்டிக் குதிக்கும் நீளம் கூடாது, தாண்டினால் தொங்கிவிடும். இறுகும் சங்கிலியில் பெஞ்சில் கட்டவே கூடாது. கூண்டு வைப்பதானால் உங்கள் இனத்தின் பெஞ்ச் அளவைக் கேட்டு, அதற்குள் அடங்குவதை வாங்குங்கள். வெளியேறும்போது நாயைக் கூட்டிப்போக அனுமதிச் சீட்டு கேட்பார்கள். நாய் திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு அது, தொலைத்துவிடாதீர்கள். மின்னிணைப்பை நம்பாமல், உலர்த்துவதும் கழுவுவதும் விடுதியிலேயே முடியட்டும்.

முடி விஷயத்தில் பிரிட்டிஷ் விதி கண்டிப்பானது. முடியின் இயற்கையான நிறத்தையோ தன்மையையோ திடத்தையோ மாற்றும் எந்தப் பொருளும் காட்சியின்போது முடியில் இருக்கக் கூடாது. ஸ்ப்ரே, சுண்ணப் பொடி எல்லாம் இதில் அடங்கும். மாதிரி எடுத்துச் சோதிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. வெறும் தண்ணீர் தெளிக்கலாம். அரங்கின் பச்சைக் கம்பளத்தில் செட்டர் முடி மின்னேறிப் பறக்கும், அதற்குத் தண்ணீரே மருந்து. லேப்ரடாரை நான்கைந்து நாள் முன்பே குளிப்பாட்டிவிடுங்கள். முந்திய நாள் ஷாம்பு போட்டால் எண்ணெய்ப் பசை போய், அந்த இனத்துக்கே உரிய தண்ணீர் ஒட்டாத கரடு முடி பஞ்சாகிவிடும், நடுவர் கைவைத்ததும் தெரியும். காக்கர் ஸ்பானியல் முதுகில் மெஷின் ஓட்டிய தடம் தெரிந்தால் பிரிட்டிஷ் நடுவர் முகம் சுளிப்பார். விரலால் பறித்த முடியைத்தான் அங்கே மதிப்பார்கள். அதைப் பத்து நாள் முன்பே முடித்தால் ஓரங்கள் இயல்பாகப் படியும்.

ரிங்குக்குள் பழக்கம் வேறு. எஃப்.சி.ஐ. காட்சியில் ஒவ்வொரு நாய்க்கும் நடுவர் அங்கேயே விமர்சனம் சொல்லி எழுதவைத்து, எக்ஸலன்ட், வெரி குட் என்று தரம் தருவார். பிரிட்டனில் தரமே இல்லை. தொட்டுப் பார்ப்பார், நடக்கவைப்பார், இடம் கொடுப்பார். ஒன்றும் சொல்லாமல் அனுப்பினால் கோபித்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். ஆண் நாய்கள் எல்லா வகுப்பும் முடிந்து சிறந்த ஆண், பிறகு பெண்கள், கடைசியில் இனத்தின் சிறந்த நாய். வகுப்பு தொடங்க அழைத்தபோது நீங்கள் இல்லையென்றால் தேட மாட்டார்கள். முக்கோண நடையும் நேர் நடையும்தான் வழக்கம். ரெட்ரீவரை வாரைத் தளரவிட்டு நடத்துங்கள்; கழுத்தைத் தூக்கிப் பிடித்து ஓடவிடும் பாணி அங்கே ரெட்ரீவர்க்காரர்களிடம் எடுபடாது, தோள் அசைவை மறைப்பதாகத்தான் பார்ப்பார்கள். அது சரியான பார்வை என்றே எனக்கும் படுகிறது: வாய் நிறைய வாத்தைக் கவ்விச் சேற்றில் வர வேண்டிய உடம்பு எப்படி அசைகிறது என்பதைத்தானே காட்ட வந்திருக்கிறோம்.

அந்த வேலையின் நிழல் பட்டங்களிலும் இருக்கிறது. பிரிட்டனில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் பட்டத்துக்குக் கணக்கில் வரும் மூன்று சேலஞ்ச் சர்டிஃபிகேட் வாங்கிய கன்டாக்குக்கு ஷோ சாம்பியன் பட்டம்தான். வேட்டைக் களத்திலும் தேறினால்தான் முழு சாம்பியன். எஃப்.சி.ஐ. காட்சிகளில் வொர்க்கிங் வகுப்பில் நுழைய, களத் தேர்வை வைத்து உங்கள் நாட்டு கிளப் தரும் சான்றைப் பதிவு மூடும் தேதிக்குள் இணைக்க வேண்டும். பிரிட்டனில் இருந்துகொண்டு எதிர்த்திசையில் ஐரோப்பாவுக்குப் போகும் தமிழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நாய்ப் பாஸ்போர்ட்டுக்குப் பதில், நுழைவதற்கு முந்திய 10 நாளுக்குள் மருத்துவர் தந்த சுகாதாரச் சான்று தேவை.

இந்தியாவிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு வழி நீளம். இந்தியா பிரிட்டனின் பட்டியலில் இல்லாத நாடு. ரேபிஸ் ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரித்த ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அளவாவது எதிர்ப்புச் சக்தி இருப்பதாக முடிவு வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு நாடாப்புழு மருந்து, சரக்கு விமானம். மார்ச் காட்சிக்கு முந்திய அக்டோபரிலேயே ஊசி முடிந்திருக்க வேண்டும். காகிதம் பிசகினால் நான்கு மாதம்வரை தனிமைக் கொட்டடி, செலவு உங்களுடையது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவிடம் வம்சாவளிச் சான்று வாங்கும் வேலையை இந்தக் கணக்குக்கும் முன்னால் தொடங்குங்கள்.

திரும்பும் சீட்டு பற்றி ஒன்று. கன்டாக் நாள் ஞாயிறாக இல்லாமல், உங்கள் நாய் அன்று மாலை பிரிவிலும் முதலாவதாக வந்துவிட்டால், ஏழு பிரிவின் வெற்றியாளர்களும் மோதும் இறுதிச் சுற்று ஞாயிறு இரவில்தான். அதுவரை தங்க வேண்டும். நாள் மாற்றிக்கொள்ளக்கூடிய பயணச் சீட்டையே வாங்குங்கள், விடுதியிடமும் முன்பே பேசி வையுங்கள்.